சடையாக இருக்கட்டும்

வலது நுரையீரலின் உச்சியில் ஒரு வெள்ளை நிழல்.

அவள் நாற்காலியைத் திரைக்கு இன்னும் அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். படத்தைப் பெரிதாக்கினாள். வெளிச்சத்தைக் கூட்டினாள், குறைத்தாள். நிழல் அப்படியே இருந்தது.

ரேணுகாதேவி. பத்தொன்பது வயது. வேலையில் சேருவதற்கான உடல்தகுதிப் பரிசோதனை.

காசநோயாக இருக்கலாம்.

சடையாகவும் இருக்கலாம். பின்னலை முன்னால் போட்டபடி எக்ஸ்ரே எடுத்தால் நெஞ்சின் மேல் இப்படித்தான் விழும். எத்தனை தடவை சொன்னாலும் படம் எடுப்பவர்களுக்கு ஏறுவதில்லை.

முன்பு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தபோது இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. அறையை விட்டு வெளியே வந்தால் பெஞ்சில் ஆள் உட்கார்ந்திருக்கும். சடையைத் தூக்கிக் கட்டச் சொல்லி இன்னொரு படம் எடுத்தால் முடிந்தது. இப்போது படம் கம்ப்யூட்டரில் வருவது தாராபுரத்து எக்ஸ்ரே சென்டரிலிருந்து. இவள் பார்ப்பது அடையாறில், தன் வீட்டுப் படுக்கையறையில். வீட்டிலிருந்தே சம்பாத்தியம், கொடுத்து வைத்தவள் என்கிறார்கள் சிநேகிதிகள்.

வந்து உட்கார்ந்து பார்க்கட்டும்.

சந்தேகம் என்று எழுதினால் அந்தப் பெண்ணின் வேலை போய்விடும். ஓசூர் கம்பெனி. ஹாஸ்டலில் அறைக்கு எட்டுப் பேர். நெஞ்சில் நிழல் உள்ளவளை யார் உள்ளே விடுவார்கள்?

நார்மல் என்று எழுதி, அது சடையாக இல்லாமல் போனால்?

நேரில் பார்த்து உறுதி செய்யவும் என்று எழுதித் தப்பித்துக்கொள்ளலாம். எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். நேரில் பார்க்க அங்கே எந்த டாக்டர் இருக்கிறார்?

எழுந்தாள். ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். திரும்ப வந்து பார்த்தாள். நிழல் கழுத்துப் பக்கம் ஏறுகிற மாதிரி இருந்தது. ஏறினால் சடைதான். ஏறத்தான் செய்கிறது என்று பட்டது. இன்னொரு தடவை பார்த்தால் இல்லை என்று பட்டது.

நெஞ்சு எக்ஸ்ரேயில் தலை வராது.

தாராபுரத்துக்கு போன் போட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எரிச்சலாக வந்தது. திரையில் அடுத்தடுத்த படங்கள் வந்து வரிசையில் சேர்ந்துகொண்டிருந்தன. மறுபடி போட்டாள். சடையாக இருக்கட்டும், சடையாக இருந்து தொலையட்டும் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

படம் எடுத்த டெக்னீஷியன் திருமூர்த்தி போனை எடுத்தான்.

"திருமூர்த்தி, அந்த ரேணுகாதேவி இன்னும் அங்கதான் இருக்கா? படம் எடுக்கறப்போ சடையை முன்னால போட்டிருந்தாளா?"

"சடைங்களா? அந்தப் புள்ள மொட்டைங்க மேடம். வேலை கிடைச்சா முடியெறக்கறேன்னு வேண்டியிருந்துச்சாம். நேத்துத்தான் பழனிக்குப் போய் எறக்கிட்டு வந்திருக்குது."

அவள் திரையில் இருந்த நிழலைத் திரும்பிப் பார்த்தாள்.

"மேடம், லைன்ல இருக்கீங்களா? அவங்கம்மா எல்லாருக்கும் பஞ்சாமிர்தம் குடுத்துட்டிருக்காங்க. படம் பாக்கற டாக்டரு எந்த ரூம்ல இருக்காங்கன்னு கேக்கறாங்க. என்னன்னு சொல்றதுங்க?"