மரைக்காயரின் தண்டால்

கீழக்கரைக் கடலோரத் தோப்பில் காலை வெயில் இப்போதுதான் தென்னமட்டைகளுக்கு இடையே இறங்குகிறது. சங்கு வியாபாரி செய்யது மரைக்காயர் ஈசிசேரில் சாய்ந்திருக்கிறார்; மூச்சுவிடும்போதெல்லாம் தொந்திமேல் வைத்த பனையோலை விசிறி தோணிபோல ஏறி இறங்குகிறது. அந்தத் தொந்தியைக் கரைக்கவென்று மாதச் சம்பளத்துக்குப் பரமக்குடியிலிருந்து வந்திருக்கும் வழிவிட்டான் என்ற கசரத்து வாத்தியார், மணலில் கையூன்றித் தண்டால் எடுத்துக்கொண்டிருக்கிறார். அவருடைய விலா எலும்புகள் வேர்வையில் மின்னுகின்றன. "பெருநாளைக்குள்ள ஒங்க வயிறு வத்தலைன்னா வீட்டம்மா என்னைய பஸ் ஏத்தி விட்ருவாக. நீங்களும் ஒண்ணே ஒண்ணு எடுங்க, மொதலாளி." மரைக்காயருக்கு நியாயம் விளங்கவில்லை. "கடல்ல முங்குறது கூலியாளு, சங்கு என்னுது. தண்டாலுக்கு மட்டும் தனிச்சட்டமா? நல்லா எடும் வாத்தியாரே, இன்னைக்கு எனக்கு ஒடம்பு லேசா இருக்கு." சமையல்காரர் பெரிய லோட்டாவில் பாதாம்பால் கொண்டுவருகிறார், மேலே குங்குமப்பூ மிதக்கிறது. மரைக்காயரின் கை நீளுமுன் வாத்தியார் எழுந்து, மணல் ஒட்டிய கையாலேயே அதை வாங்கிக்கொள்கிறார். "சிரமப்படாதீக, மொதலாளி. ஒங்களுக்காக இதையும் நானே குடிச்சிர்றேன்." லோட்டா சாயச் சாய, விசிறி நழுவி மணலில் விழ, ஈசிசேரின் கைகளை அழுந்த ஊன்றி மரைக்காயர் முதன்முறையாகத் தம் உடம்பைத் தாமே தூக்குகிறார்.