இறக்கி வைத்த விமானங்கள்

அவள் ஏணியில் நின்று, தான் ஒட்டிச் செய்த சின்ன விமானத்தை மாட்டினாள்.

கையை எடுத்ததும் அது லேசாக ஒருபக்கம் சாய்ந்தது. பிறகு நைலான் நரம்பில் மெல்லச் சுழன்று, மூக்கை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றது.

வீட்டில் இனி இடமில்லை.

கண்ணாடி அலமாரி நிறைந்துவிட்டது. பீரோவின் தலை, ஃப்ரிட்ஜின் தலை, புத்தகங்களுக்கு முன்னால் இருந்த நாலு விரல் இடம், எல்லாம் போயிற்று. கடைசியாக ஒட்டி முடித்தது சாப்பாட்டு மேசையில் ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்தது.

"இன்னொன்னு வந்துச்சுன்னா நான் வாசல்லதான் படுக்கோணும்," என்றான் கணவன். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

அப்போதுதான் அவளுடைய பல் ஆஸ்பத்திரியின் கூரை நினைவுக்கு வந்தது.

அதற்கு இளநீலம் அடித்தாள். நாற்காலிக்கு நேர்மேலே ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டாள். மின்விசிறிக் காற்றில் அவை மூச்சுவிடுவதுபோல் அசைந்தன. மதிய வெயில் உள்ளே வந்தால் இறக்கைகளின் நிழல் அவளது வெள்ளைக் கோட்டின்மேல் ஊர்ந்து போகும். கையில் கருவியோடு அதைப் பார்த்தபடி நின்றுவிடுவாள்.

படுத்தவர்களும் பார்த்தார்கள். வாயைத் திறந்து வைத்திருப்பவர்களுக்கு வேறு வேலையில்லை. அழுதுகொண்டு வந்த குழந்தைகள் அழ மறந்தன. பாங்க் மேனேஜர் ஒருவர் பல்லில் ஒன்றுமில்லாமலே வந்து படுத்துவிட்டுப் போனார்.

எல்லாமே போர் விமானங்கள். பயணிகள் விமானத்தில் அவளுக்கு ஏனோ நாட்டமில்லை.

ஒருநாள் யோகராணி வந்தாள்.

அணைக்கட்டுப் பக்கம் இலங்கைக்காரர்களின் முகாமிலிருந்து, பஸ் பிடித்து, வீங்கிய கன்னத்தில் முந்தானையை அழுத்திக்கொண்டு. ஐம்பது வயதிருக்கும். கடைவாய்ப் பல்.

நாற்காலி மெல்லப் பின்னால் சாய்ந்தது.

"ஆ காட்டுங்கம்மா."

வாய் திறந்தது. கண்களும் திறந்தன.

அந்தக் கண்கள் ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவதை டாக்டர் பார்த்தாள். எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள். ஊசியை எடுக்கத் திரும்பினாள்.

திரும்பி வந்தபோது நாற்காலியில் யாருமில்லை.

யோகராணி அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே தரையில் குந்தியிருந்தாள். இரண்டு காதுகளையும் பொத்தியிருந்தாள். வாயை மட்டும் மூடவில்லை.

"ஊசி வலிக்காதுங்கம்மா. பயப்படாதீங்க."

"ஊசிக்கில்லை டொக்டர்."

காதிலிருந்து கையை எடுக்காமல் கண்ணால் மேலே காட்டினாள்.

"பொம்பர் குண்டு போட வந்தால் வாயைத் திறந்து வைச்சிருக்க வேணும். இல்லாட்டி காது போயிடும்."

டாக்டர் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

அங்கிருந்து அண்ணாந்து பார்த்தாள். இத்தனை வருஷமும் அவற்றை மேசைமேல் வைத்தும் ஏணியில் நின்றும், மேலிருந்தும் பக்கவாட்டிலும்தான் பார்த்திருக்கிறாள். தரையிலிருந்து வயிறுகள் மட்டுமே தெரிந்தன. எல்லாம் இந்த மூலையை நோக்கியே வருவதுபோல் இருந்தது.

வீக்கத்துக்கு மாத்திரை கொடுத்தாள். வடிந்ததும் வரச் சொன்னாள். வாசல்வரை கூடவே போனாள்.

அன்று மாலையே ஏணியைப் போட்டு எல்லாவற்றையும் இறக்கினாள்.

வைக்கத்தான் இடமில்லை. கையில் ஒன்றோடு அறை அறையாக நடந்தாள். எக்ஸ்ரே அறையில் கொஞ்சம் வைத்தாள். ஜன்னல் விளிம்பில் கொஞ்சம். மிச்சத்தை வரவேற்பறை பெஞ்சில் வரிசையாக நிறுத்தினாள். யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று நினைத்தாள். யாரிடமும் கேட்கவில்லை.

காத்திருக்க வந்தவர்கள் முதலில் நின்றார்கள். கால் வலித்ததும் ஆளுக்கொன்றைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். காலை வெளிச்சத்தில், மடிக்கொரு விமானத்தோடு, பேச்சில்லாமல் ஒரு வரிசை. எல்லோரும் எங்கோ போய்க்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

அப்படியொரு காலையில் யோகராணி மறுபடி வந்தாள்.

டாக்டர் கதவிடுக்கில் பார்த்துவிட்டாள். கழற்ற வராத கையுறையை இழுத்தாள். கழற்றிவிட்டு ஓடுவதற்குள் யோகராணி வாசலிலேயே நின்றுவிட்டாள். பெஞ்சில் ஒரே ஓர் இடம். அதில் ஒரு விமானம். அவளுக்கு வழிவிட்டு யாரோ நகர்ந்தார்கள்.

யோகராணி குனிந்தாள். சூடான பாத்திரத்தை எடுப்பதுபோல் இரண்டு விரலால் அதை எடுத்தாள். உட்கார்ந்தாள்.

"குடுங்கம்மா, நான் உள்ள வெச்சுடறேன்," என்றாள் டாக்டர்.

அவள் கொடுக்கவில்லை. திருப்பி அதன் வயிற்றைப் பார்த்தாள். நிமிர்த்தினாள். பிறகு முகத்தருகே கொண்டுபோய், முன்பக்கத்துச் சின்னக் கண்ணாடிக்குள் கண்ணை வைத்தாள்.

"உள்ளுக்க ஆள் இருக்குது."

"ஆமாங்க. நான் செஞ்சதுதான்." விமானிக்கு அரிசி அளவுத் தலை. அதில் ஊசி முனையால் கண்ணும் வைத்திருந்தாள், மீசையில்லாத உதடும்.

"நாங்கள் ஒருநாளும் ஆளைக் காணேல்லை," என்றாள் யோகராணி.

ஜன்னல் பக்கம் திருப்பி மறுபடி பார்த்தாள்.

"சின்னப் பொடியன்."

அவள் முறை வந்தது. விமானத்தோடுதான் உள்ளே வந்தாள். நாற்காலியில் தானாகவே ஏறிப் படுத்து, அதை மடியில் வைத்துக்கொண்டாள். மேலே வெறும் நீலம்.

டாக்டர் தலைக்கு மேலிருந்த பெரிய விளக்கைப் போட்டு, கீழே இழுத்தாள்.

யோகராணி வாயைத் திறந்தாள். ஒரு கையை மட்டும் மெல்ல நகர்த்தி, உள்ளிருந்தவனுக்கு வெளிச்சம் கூசாதபடி, அந்தச் சின்னக் கண்ணாடியை மறைத்துக்கொண்டாள்.