இறங்காத காற்று

ஒல்ஜாஸ் கஜகஸ்தான் புல்வெளிச் சாலையில் பகல் முழுக்க பைக் ஓட்டி வீடு வந்து சேர்ந்தான். மனைவி ரவ்ஷான் வாங்கிக் கொடுத்த காதடைப்பான்கள் உறை பிரிக்காமல் சட்டைப்பையில் கிடந்தன. எஞ்சினை அணைத்த பிறகும் காதுக்குள் காற்று இரைந்தது. தேநீர் குடித்தும் அடங்கவில்லை. நிலைகொள்ளாமல் எழுந்து எழுந்து உட்கார்ந்தான்.

"என் காதக் கொஞ்சம் பாரேன்" என்றான்.

"சொன்னாக் கேட்டாத்தானே! இனி நான் கூப்பிட்டாலும் காதுல விழாது, உனக்கு வசதிதான்" என்றபடி ரவ்ஷான் அருகில் வந்து குனிந்தாள். உடனே முகம் சுளித்தாள்.

"மொதல்ல ஜன்னலச் சாத்து. காத்து இரையுது."

"சாத்தித்தான் இருக்கு."

இருவரும் ஜன்னலைப் பார்த்தார்கள். திரைச்சீலை அசையவில்லை.

அவள் மறுபடி அவன் காதருகே குனிந்தாள். அவளுடைய முன்முடி எழுந்து பின்னால் பறந்தது. கன்னத்தில் புழுதி வந்து படிந்தது.