ஜிம்மியின் பின்னங்கால்

“தர்சிகா, உனக்குக் கொஞ்சமாவது மனச்சாட்சி இருக்கோ?”

படலையைத் தள்ளிக்கொண்டு வந்த உதயகலா எடுத்த எடுப்பிலேயே கேட்டாள். எதிர்வீட்டுக்காரி. மூன்று கிழமையாக அடக்கிவைத்திருந்த கேள்வி.

தர்சிகா சைக்கிளை வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள். சுன்னாகத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை. எட்டரைக்கு அங்கே நிற்க வேண்டும்.

“ஏன் அன்ரி, நான் என்ன செய்தனான்?”

“அங்கை பார். நாலு மாசத்துக்கு முதல் பாரிசவாதம் வந்து விழுந்த மனுசன். இடக்கால் இன்னும் இழுக்குது. அவரிட்டை நாயைக் குடுத்து ஒழுங்கையிலை விட்டிட்டு, நீ படலையிலை நிண்டு பாத்துக்கொண்டிருக்கிறாய்.”

தூரத்தில், ஒழுங்கையில், வாழைத்தோட்டத்து வேலியோரமாக தர்சிகாவின் அப்பா மார்க்கண்டு போய்க்கொண்டிருந்தார். வலக்கையில் தடி. இடக்கை மணிக்கட்டில் சுற்றிய கயிறு. பக்கத்தில் ஜிம்மி, பின்னங்காலில் வெள்ளைக் கட்டோடு.

நாலு எட்டு வைப்பார், நிற்பார். ஜிம்மியும் நிற்கும்.

“நேற்று மதகடியிலை இருந்து மூச்சு வாங்கினவர். சேட்டெல்லாம் வேர்வை. ‘கயிறைத் தாங்கோ அண்ணை, நான் கொண்டுவந்து விடுறன்’ எண்டன். தரேல்லை. ‘நடத்தாட்டி இதின்ரை கால் மடங்கிப்போகும் பிள்ளை, என்னோடை மட்டுந்தான் நடக்கும்’ எண்டிட்டுத் திரும்ப எழும்பிட்டார். ஒரு நாய்க்காகக் கொப்பரைச் சாகடிக்கப்போறியோ?”

தர்சிகா மணியைப் பார்த்தாள். பிறகு சைக்கிளை மதிலில் சாத்திவிட்டுப் படியில் உட்கார்ந்தாள்.

“அன்ரி, ஒவ்வொரு நாளும் நடக்கோணும் எண்டு சொல்லித்தான் ஆசுப்பத்திரியிலை அப்பாவை அனுப்பினவை. அவர் மூண்டு மாசம் கதிரையை விட்டு எழும்பேல்லை. கெஞ்சினன், பேசினன், அழுதும் பாத்தன். ‘கொம்மாவும் இல்லை, இனி நடந்து எங்கை போக’ எண்டு சுவரைப் பாத்துக்கொண்டு இருந்தார்.”

உதயகலா படலையைச் சாத்திவிட்டுக் கிட்ட வந்தாள்.

“பிறகுதான் ஜிம்மியை மோட்டச்சைக்கிள் தட்டினது. சின்னக் காயந்தான். தோல் உரிஞ்சு, கொஞ்சம் வீக்கம். கட்டுப் போட்ட மிருக வைத்தியர், ‘படுக்க விடாதேங்கோ, கொஞ்சம் கொஞ்சமாய் நடத்துங்கோ’ எண்டவர். அப்பா அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர். ஜிம்மி எண்டால் அவருக்கு உயிரெல்லோ? அடுத்தநாள் காலமை நான் வந்து பாக்கிறன், கயிறோடை படலையிலை நிக்கிறார்.”

“தானாயோ?”

“ஓம். அண்டைக்கு எங்கடை மதில் முடியிற இடம்வரைக்கும் போனார். ரெண்டாம் நாள் கரண்டுக் கம்பம். இப்ப வாசிகசாலைக்குப் போட்டு வாறார். வழியிலை விழுந்திடுவாரோ எண்டு பயந்து பயந்துதான் நான் படலையிலை நிக்கிறனான்.”

உதயகலாவின் குரல் தணிந்தது.

“எனக்கு உது தெரியாது பிள்ளை. ஆனால் நாயின்ரை கால் மாறிச் சுகமானால் பிறகு என்ன செய்வாய்?”

தர்சிகா ஒழுங்கையைப் பார்த்தாள்.

“அது எட்டாம் நாளே மாறிட்டுது அன்ரி.”

“அப்ப அந்தக் கட்டு?”

“விடியக்காலமை அப்பா எழும்ப முதல் நான்தான் கட்டுறன். எங்கடை கடைப் பண்டேஜ்தான். காயம் மாதிரித் தெரியக் கொஞ்சம் மஞ்சளும் தடவுவன். தயவுசெய்து அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ. தெரிஞ்சால் திரும்பப் போய்க் கதிரையிலை இருந்திடுவார். அவர் தடி இல்லாமல் நடக்கிற நாள்வரைக்கும் ஜிம்மிக்குக் கால் மாறாது.”

சொல்லிவிட்டு எழுந்து சைக்கிளில் ஏறினாள். அப்பாவைக் கடக்கும்போது மணியடித்து, “கெதியாய் நடக்க விடாதேங்கோ அப்பா, அதுக்கு நோகும்” என்று சொல்லிக்கொண்டே போனாள்.

உதயகலாவுக்கு மனம் கேட்கவில்லை. சும்மா ஒரு பிள்ளையை ஏசிவிட்டோமே என்று இருந்தது. தன் பங்குக்கும் ஏதாவது செய்ய வேண்டும். விறுவிறென்று நடந்து மார்க்கண்டுவைப் பிடித்தாள்.

“அண்ணை, ஜிம்மி இன்னும் நொண்டுது போல. இன்னும் ஒரு மாசமெண்டாலும் நடத்தோணும், என்ன?”

மார்க்கண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். மகளின் சைக்கிள் முடக்கில் மறையும்வரை பொறுத்தார். பிறகு மணிக்கட்டிலிருந்த கயிறை மெதுவாகக் கழற்றிவிட்டார்.

அவ்வளவுதான். வேலியோரம் நின்ற அணிலைத் துரத்திக்கொண்டு ஜிம்மி நாலு காலில் பாய்ந்து ஓடியது.

உதயகலா ஓடுகிற நாயையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“அது மாறி ரெண்டு கிழமைக்கு மேலை பிள்ளை. பகலிலை கோழியைக் கலைக்கேக்கை நான் காணுறதில்லையோ?”

“அப்ப ஏன் அண்ணை இந்தப் பாடு படுறியள்?”

மார்க்கண்டு தடியை ஊன்றி அடுத்த எட்டை வைத்தார்.

“காலமை அஞ்சு மணிக்கு, குளிருக்குள்ளை குந்தியிருந்து, நாயின்ரை மாறின காலுக்கு என்ரை பிள்ளை கட்டுப் போடுறாள். கட்டிலிலை கிடந்து அதைப் பாத்த பிறகு நடக்காமல் இருக்க ஏலுமோ?”