சுனைக்கரையில் ஒரு ஜெபம்

சங்கரன்கோவில் எல்லையைத் தாண்டி மகனை எங்கேயும் கூட்டிப் போகாத பிரபுதாஸ், அவன் காலேஜ் முடித்த பிறகு முதன்முதலாக மலைக்கு அழைத்து வந்திருந்தார். எஸ்ராவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"ஏலே, அந்தப் பாறையில ஏறாத. போன தடவை அங்கனதான வழுக்கிச்சு?"

"நான் எப்பப்பா இங்கன வந்தேன்?"

அப்பா விறுவிறுவென்று நடந்தார். கொஞ்ச தூரம் போனதும், "நாவப்பழம்னா ஒனக்கு உசுராச்சே" என்று கை நிறையப் பொறுக்கிக் கொடுத்தார்.

எஸ்ராவுக்கு நாவற்பழம் தொண்டையில் இறங்காது. ஆனாலும் அப்பா ஆசையாகக் கொடுத்ததாயிற்றே என்று மென்று விழுங்கினான்.

சுனைக்கரையில் அப்பா முழந்தாளிட்டார். சத்தமாகவே ஜெபித்தார்.

"ஆண்டவரே, இவன்கிட்ட நேரா சொல்ல எனக்கு வாய் வரல. உம்மகிட்ட சொல்லுதேன், இவனும் கேக்கட்டும். இந்தச் சுனையில எம் மூத்த பிள்ளையை எடுத்துக்கிட்டீர். பொறவு பொறந்த இவனுக்கு அவன் பேரையே வச்சேன். இப்ப எஸ்ரான்னு கூப்பிட்டா ரெண்டு பேரும் திரும்பிப் பாக்காங்க. நான் என்ன செய்வேன்? ஆமென்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து முன்னால் நடந்தார்.

"எஸ்ரா, வா மக்கா, போவோம்."

பதில் சொல்வதற்கு முன், எஸ்ரா தனக்குப் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.