உறை பிரிக்காத சோப்பு

போன வாரம் நாலாம் கட்டிலில் சீழ் வடிந்த புண்ணைத் தொட்ட கையோடு டாக்டர் ஐந்தாம் கட்டிலுக்குப் போனபோது, நர்ஸ் செலின் புதுச் சோப்பை நீட்டி, "சார், கை..." என்றாள். "எனக்கே பாடமா?" என்று சீறிவிட்டுப் போனார். அவருக்கென்று அவள் வாஷ்பேசின் மேல் வைத்த அந்தச் சோப்பு இன்றுவரை உறைகூடப் பிரியவில்லை.

இன்று ஐந்தாம் கட்டில் மாரிச்செல்விக்குச் சிசேரியன் தையலெல்லாம் சீழ். உடம்பு அனலாய்க் கொதித்தது.

"இனி எங்க கையில ஒண்ணுமில்ல. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றார் டாக்டர், அவள் புருஷனிடம்.

"அப்போ கை கழுவிட்டீங்களா சார்?" அவன் குரல் உடைந்தது.

செலினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சோப்பை எடுத்து வந்து அவன் உள்ளங்கையில் அழுத்தினாள்.

"இல்லண்ணே. அவர் கழுவவே இல்ல."