குடுவைச் செடிக்கு ஒரு குளம்

களக்... களக்... களக்...

பொழுது அடையவும் கரண்டு போயிருந்தது. பின்பக்கச் சுவருக்கு அப்பாலிருந்து அந்தச் சத்தம் இன்றைக்கும் கேட்டது. பெரிய தொண்டை ஒன்று தண்ணீர் குடிப்பது போல.

வேல்விழி நிமிர்ந்தாள். கையிலிருந்த தீபாவளி சீசன் வேலையை அப்படியே போட்டுவிட்டு, தொட்டிலில் கிடந்த சினேகாவை அள்ளிக்கொண்டாள்.

"கேட்டீகளா? அது குடிக்குது."

"பெறகு, பசிச்சா பரோட்டாவா கேக்கும்?" என்றான் புருஷன் முனியராஜ், எமர்ஜென்சி லைட்டை இழுத்து வைத்துக்கொண்டு. "வேலையப் பாரு."

"ஒங்களுக்கு எல்லாம் சிரிப்பு. பிள்ளை தவழ ஆரம்பிச்சிட்டா. நான் போயி ரெண்டுல ஒண்ணு கேட்டுட்டு வாரேன்."

பக்கத்து வீட்டு தனுஷ்கோடி லாரி டிரைவர். வெடி லோடை அஸ்ஸாம் பக்கம் இறக்கிவிட்டுத் திரும்பியபோது ஒரு செடி கொண்டுவந்தார். பூச்சி தின்னும் செடியாம். கொல்லையில் குளம் வெட்டி, சிமெண்டு பூசி, நடுவில் கல் அடுக்கி அதன்மேல் தொட்டியோடு வைத்திருந்தார்.

அது கோழிக்குஞ்சை முழுசாக விழுங்கியதாகத் தெருவில் பேச்சு. மேலத்தெருப் பூனை காணாமல் போன பழியும் செடியின் தலையில்தான் விழுந்தது.

குழாயில் வாரத்துக்கு ஒரு தரம் தண்ணீர் வரும் ஊர். குளம் தளும்பிக் கிடந்தும் குடத்தோடு ஒருத்தியும் அந்தக் கொல்லைக்குள் கால் வைத்ததில்லை.

வேல்விழிக்கு இன்னொரு கடுப்பும் உண்டு. கொல்லை அவ்வளவு கிடக்க, குளத்தை இரண்டு வீட்டுக்கும் பொதுவான பின்சுவரை ஒட்டியே வெட்டியிருந்தார். அந்த இடத்தில் மட்டும் சுவரை இடுப்பளவுக்கு இறக்கியும் வைத்திருந்தார்.

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் போனபோது தனுஷ்கோடி பெரிய கேனைச் சாய்த்துக் குளத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். களக், களக். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்துக் கிணற்றில் பிடித்து லாரியில் கொண்டுவந்தது.

இந்தச் சத்தம்தானா!

"வாத்தா. சாப்பிட்டியா?"

"சாப்பாடு கெடக்கட்டும் அண்ணாச்சி. இந்தச் சதை தின்னிய வச்சிக்கிட்டு நாங்க எப்படித் தூங்க?"

"பக்கத்துல வந்து பாரு தாயி."

டார்ச்சை அடித்தார். இலை நுனிகளில் பச்சைக் குடுவைகள் தொங்கின. ஒவ்வொன்றுக்கும் ஒரு மூடி. விளிம்பு வெற்றிலை போட்ட உதடு போலச் சிவந்து பளபளத்தது. எறும்பு ஒன்று அதில் ஏறி, வழுக்கி, உள்ளே போய்விட்டது.

வேல்விழி பயத்தை மறந்து குனிந்தாள். "ஆத்தாடி! மூடிகூடவா போட்டிருக்கு? இம்புட்டு அழகா!"

"எறும்பு, ஈ, கொசு. அம்புட்டுத்தான் அதால முடியும்."

"அப்ப கோழிக்குஞ்சு?"

தனுஷ்கோடி தலையைச் சொறிந்தார். "தெருவுல சொல்லுதாக..."

"தெருவுல யாரு சொன்னா? டீக்கடையில உக்காந்து கட்டிவிட்டது இவருதான்!" அடுப்படியிலிருந்து அவர் பெண்டாட்டி மாரித்தாயின் குரல் வந்தது.

"செடி இருந்துட்டுப் போகட்டும் அண்ணாச்சி. குளத்த அங்கிட்டு மாத்துங்க. சுவத்தையும் ஒசத்துங்க. எம்பிள்ளை விழுந்துட்டா? ஒரு செடிக்கு இம்புட்டுத் தண்ணியா?"

"இந்தத் தண்ணி செடிக்கு ஆகாது. இது உப்புத்தண்ணி, கருகிரும். அதுக்கு மழைத்தண்ணி பிடிச்சு வச்சிருக்கேன். ஒரு டம்ளர் போதும்."

"அப்ப குளம் யாருக்கு?"

அவர் கேனை மூடினார். "மாத்த முடியாது தாயி. வேற என்ன வேணாலும் கேளு."

"முடியாதா? நாளைக்கே மனு எழுதிக் குடுக்கேன். ஆபீசர் வந்து பாக்கட்டும்."

மாரித்தாய் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"வரச்சொல்லுத்தா. வாரவுக எங்க குளத்த மட்டும் பாத்துட்டுப் போயிருவாகளா? அந்தச் சுவத்துக்கு மேல எட்டிப் பாக்க மாட்டாக?"

வேல்விழி சட்டென்று கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். விரலிடுக்கெல்லாம் வெடிமருந்தின் சாம்பல் நிறம்.

"கம்பெனியில வச்சு வெடிக்குழாய்க்குள்ள அடைக்க வேண்டிய மருந்த வீட்டுக்குள்ள, தொட்டிலுக்குப் பக்கத்துல வச்சு அடைக்கீக. எங்களுக்குத் தெரியாதா?"

"மாரி, பேசாம இரு" என்றார் தனுஷ்கோடி.

"இருந்தது போதும். காட்டிக் குடுத்தா ஒம் புருசனப் பிடிச்சிட்டுப் போயிருவாகன்னு வாயை மூடிக்கிட்டு, இந்த மனுசன் குளம் வெட்டினாரு. வெறுந்தண்ணியா வச்சா தெருவே மொண்டுட்டுப் போயிரும். தீப்பிடிச்ச அவசரத்துக்குப் பாத்தா காலியாக் கெடக்கும். அதுக்குத்தான் நடுவுல அந்தச் செடி."

வேல்விழி பின்சுவரைத் திரும்பிப் பார்த்தாள். "அந்தச் சுவரு..."

"தீப்பிடிச்சா வாசலுக்கு ஓட நேரமிருக்காது. பிள்ளையத் தூக்கிக்கிட்டு நீ அப்படியே இங்கிட்டுக் குதிச்சிர வேணாமா? அதுக்கு எறக்குனது."

தனுஷ்கோடி அவள் முகத்தைப் பார்க்காமல் அடுத்த கேனைத் தூக்கினார்.

வேல்விழி தலை குனிந்தபடியே வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தொட்டிலில் விட்டாள். வாசலில் வெடிக் கம்பெனி ஏஜென்ட் பெத்தணனின் மொபெட் வந்து நின்றது.

"முனியராஜு! மருந்து கொண்டாந்திருக்கேன். தீவாளி ஆர்டர், சீக்கிரம் வேணும்."

முனியராஜ் எழுந்தான். அவனுக்கு முன்னால் வேல்விழி, உள்ளே இருந்த மருந்துப் பையை மெல்லத் தூக்கிவந்து வாசலுக்கு வெளியே வைத்தாள்.

"இதையும் எடுத்துட்டுப் போங்க அண்ணாச்சி. இனிமே இங்க கொண்டாராதீக."

"ஏய், கிறுக்கு பிடிச்சிருச்சா? சோத்துக்கு என்ன செய்ய?" என்றான் முனியராஜ்.

"வெறும் காகிதக் குழாய் சுத்திக் குடுப்போம். காகிதம் வெடிக்காது."

"ஏத்தா, கூலிய வேணா கூட்டித் தாரேன்" என்று பெத்தணன் படியேறினான்.

வேல்விழி சினேகாவை மறுபடி இடுப்பில் ஏற்றிக்கொண்டு, பெத்தணன் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டாள்.